கப்பல் நகர வேண்டாம்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்கள் தெருவிலேயே, கேஸ் வரக் கூடாதென்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். வெளியே தெரிந்திருந்தால் அடிக்க வந்திருப்பார்கள். அதனால் நானும் எல்லோரையும் போலக் காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்றேன். முன்னால் நிற்பவர்களோடு சண்டையும் போட்டேன். சண்டை போடாமல் வரிசையில் நிற்க எனக்கு வராது.

வளைகுடாவில் போர் மூண்டிருந்தது. எண்ணெயும் கேஸும் ஏற்றிவரும் கப்பல்கள் ஒரு குறுகலான கடல்வாயிலைத் தாண்டித்தான் நம் பக்கம் வர வேண்டும். அந்த இடத்தில் குண்டு விழுகிறது என்றதும் கப்பல்களெல்லாம் உள்ளேயே நங்கூரம் போட்டு நின்றுவிட்டன. நின்றவற்றில் ஒன்று நம் நாட்டுக்குச் சமையல் கேஸ் ஏற்றிய கப்பல். அந்தக் கப்பலில் சமையல்காரர் என் வீட்டுக்காரர்.

நாங்கள் கடற்கரைக்காரர்கள். மகளின் படிப்புக்காக வண்ணார்பேட்டைக்குக் குடி வந்தோம். கீழ் வீடு எங்களுக்கு, மாடியில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். கணவர் இறந்துபோய், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருப்பவர். ஆற்றங்கரை அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். கடலைத் திருச்செந்தூரில் கால் நனைக்கிற அளவுக்குத்தான் அவருக்குத் தெரியும். என்னைவிட அதிகமாகச் செய்தி பார்ப்பார், பார்த்ததை எல்லாம் மாடிப்படியில் நின்று எனக்கும் படிப்பார்.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போர் தொலைக்காட்சியில்தானே நடக்கிறது என்று இருந்தோம். பிறகு தெரு முக்கில் இருந்த ஓட்டலில் 'தோசை இல்லை' என்று அட்டை தொங்கியது. பரோட்டாக் கடைக்காரர் கல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். டீக்கடையில் விறகடுப்பு மூட்டி, குடிக்க வந்தவர்கள் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். பைபாஸ் ரோட்டில் மின்சாமான் கடைகளில் இண்டக்ஷன் அடுப்பு வாங்கக் கூட்டம் முண்டியடித்தது. ஒரே வாரத்தில் அதுவும் காணாமல் போனது.

நாங்கள் சாமான் வாங்குவது தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சியிடம். அவர் கடை வாசலில் சின்னச் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருப்பார். இப்போது வெறும் சங்கிலி மட்டும் கிடந்தது. கப்பலில் வரவேண்டிய பாமாயிலும் சூரியகாந்தி எண்ணெயும் ஆளுக்கு ஒரு பாக்கெட் என்றாகிவிட்டது. அண்ணாச்சி வாயால் 'இல்லை' என்று சொல்லவே மாட்டார். கடையில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லைச் சொன்னால் லட்சுமி போய்விடுவாளாம். எதைக் கேட்டாலும் "வரும்" என்பார்.

"எப்ப வரும் அண்ணாச்சி?"

"வரும் தங்கச்சி. பைய வரும்."

அந்த 'வரும்' எனக்கு எரிச்சலைக் கிளப்பும். கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டால் அங்கேயும் ஒரு பெண் இதையேதான் சொன்னாள். "வந்திருவாங்க மேடம்." எப்படி வருவார், எந்த வழியாக வருவார் என்று கேட்டாலும் திரும்ப அதையேதான் சொன்னாள்.

கடையில் கூட்டம் கூடக் கூட ஜனங்களுக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது. ஒருத்தி தீப்பெட்டியைக் கட்டுக் கட்டாக வாங்கிக்கொண்டிருந்தாள். கேஸே இல்லாதபோது தீப்பெட்டியை வைத்துக்கொண்டு இவள் என்னத்தைக் கொளுத்தப் போகிறாள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நானும் ஒரு கட்டு வாங்கினேன். இன்னும் அலமாரியில்தான் கிடக்கிறது.

இண்டக்ஷன் அடுப்பையும் எப்படியோ அடித்துப்பிடித்து ஒன்று வாங்கிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பானையை வைத்தால் சூடே ஏறவில்லை. எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் என் அம்மா சீராகக் கொடுத்த வெண்கலப் பானையும் அலுமினியச் சட்டியும்தான். அந்த அடுப்புக்குக் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டுமாம். மத்தியானம் கப்பலிலிருந்து அவர் போனில் கூப்பிட்டபோது இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏட்டி, எங்க கப்பல்லயும் கரண்ட் அடுப்புதான். அடியில அம்புட்டு கேஸ் கிடக்கு, ஆனா இங்கன தீக்குச்சி உரசக் கூடாது. குசினியில பொட்டு நெருப்பு கிடையாது."

ஊரே கேஸுக்கு அலையும்போது அத்தனை கேஸுக்கு மேல் உட்கார்ந்துகொண்டு அவர் மின்சார அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அவர் கப்பலிலும் தட்டுப்பாடுதான். பச்சைக் காய்கறி தீர்ந்துவிட்டது. வெங்காயத்தை எண்ணித்தான் எடுக்கிறார். குளிக்கத் தண்ணீர் அளவு. இதையெல்லாம் ஒரேயடியாகச் சொல்ல மாட்டார், ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். "அங்கன என்ன கிடைக்கல?" என்று அவர் கேட்பார். "அங்க என்ன தீந்துபோச்சு?" என்று நான் கேட்பேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. தூரத்தில் வானத்தில் ஏதோ வெளிச்சம் போவதைக் கப்பல் தளத்திலிருந்து பார்த்தோம் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டு, உடனே பேச்சை மாற்றினார்.

ஆனாலும் அது நங்கூரம் போட்டு நின்ற இடம். சண்டைக்குக் கொஞ்சம் விலகித்தான் இருந்தது. உண்மையான ஆபத்து அந்த வாயிலைத் தாண்டும்போதுதான். நாங்கள் கடற்கரையில் வளர்ந்தவர்கள். காற்று சரியில்லை என்றால் வள்ளம் கரையில் கிடக்க வேண்டும். கரையில் கிடந்தால் வீட்டில் பட்டினி, ஆனால் ஆள் இருப்பார். சின்ன வயதிலிருந்தே அது எனக்குத் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனால் பூசை முழுக்க ஒன்றையேதான் கேட்டேன். மாதாவே, கப்பல் நகர வேண்டாம். நின்ற இடத்திலேயே நிற்கட்டும். சண்டை முடியட்டும், பிறகு வரட்டும்.

கேட்டுவிட்டு வெளியே வந்தால் மனது அறுக்கும். பக்கத்துத் தெருவில் பத்துப் பாத்திரம் தேய்த்துப் பிழைக்கிற பெண் ஈர விறகை ஊதி ஊதி இருமிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வரவேண்டிய கேஸைத்தானே வர விடாதே என்று மாதாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வீட்டில் கால் தரிக்கவில்லை. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுவேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவள் மேல் காரணமில்லாமல் பாய்வேன். "ஏம்மா, அப்பா மேல உள்ள கோவத்த எங்கிட்ட காட்டுத?" என்று அவள் கேட்டாள். சரியாகத்தான் கேட்டாள். அதற்கும் திட்டினேன்.

நான் யார் என்று தெருவுக்குத் தெரிந்தது கேஸ் ஏஜென்சி வரிசையில். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கப்பக்காரனுவோ பயந்து நிக்கானுவளாம் வே. சும்மா நின்னாலும் சம்பளம் ஏறுதுல்லா. எடுத்துட்டு வரவேண்டியதுதான, அங்கன என்ன கழட்டுதானுவோ?"

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது.

"யாரு வே பயந்து நிக்கா? அந்தக் கப்பல்ல எங்க வீட்டுக்காரரு இருக்காரு. இந்தச் சிலிண்டரை எடுத்துட்டு நீரு போய் ஏறும். அவர நான் வரச் சொல்லுதேன்."

வரிசையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஆள் பாவம், முகம் செத்துப்போய், "தெரியாமச் சொல்லிட்டேன் தாயீ" என்றார். பிறகு என்னை முன்னால் போகச் சொன்னார். முன்னால் போயும் அன்றைக்குச் சிலிண்டர் கிடைக்கவில்லை. வண்டி வரவில்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. போகிற வழியெல்லாம் விசாரிப்பு. "கப்பல் கெளம்பிட்டா?" "அண்ணன் என்ன சொல்லுதாரு?" அவர் ஏதோ பேருந்து ஓட்டுகிறவர் போலவும், புதிய பேருந்து நிலையத்தில் வண்டியை எடுக்காமல் டீ குடித்துக்கொண்டிருப்பவர் போலவும் கேட்டார்கள். கேட்டதில் குசும்பு இல்லை, பிரியம்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. அண்ணாச்சி பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் போட்டிருக்கிறார். டீச்சர் டவுணுக்குப் பஸ் ஏறிப் போய் நெல்லையப்பர் சன்னதியில் நெய்விளக்கு ஏற்றிவிட்டு வந்து, என் கையில் திருநீற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தார்.

"உங்க ஆத்துக்காரர் கப்பல் சீக்கிரம் கெளம்பணும்னு வேண்டிண்டேன். நின்ன எடத்துலயே நின்னுண்டிருந்தா ஆபத்து இல்லையோ? நகர ஆரம்பிச்சுட்டா வந்து சேந்துடுவார்."

கப்பல் கிளம்பிவிட்டால் பாதி வழி வந்த மாதிரி என்று அவர் நினைத்தார். ஆற்றங்கரைக்காரர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். நான் திருநீற்றை வாங்கி அரிசிப் பானை மேல் வைத்தேன். 'நீங்கள் கேட்பதற்கு எதிராகத்தான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று எப்படிச் சொல்வது? ஆசையாக விளக்குப் போட்டுவிட்டு வந்திருப்பவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம் ஒருநாள் காலையில், மிச்சமிருந்த கொஞ்சக் கேஸில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டார். காலையில் கூப்பிடுகிறவரே இல்லை.

"இன்னைக்கு எடுக்கோம். அனுமதி கிடைச்சிட்டாம். எல்லாத்தையும் அணைச்சுட்டுப் போகச் சொல்லியிருக்காவ, போன் வராது. தாண்டினதும் நானே சொல்லுதேன். நீ ஒண்ணும் நெனச்சுக்கிடாத."

"முடியாதுன்னு சொல்லுங்க."

"யார்கிட்டட்டி சொல்ல?"

"நான் எறங்கிக்கிடுதேன்னு சொல்லுங்க."

"கடல்ல எங்கட்டி எறங்க?" என்றார். சிரிக்க முயற்சி செய்தார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. கம்பெனி மேல், சண்டை போடுகிறவர்கள் மேல், அவர் மேல். "பிள்ளைக்குப் போனைக் குடு" என்றார். மகளிடம் பரீட்சை பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டார்.

மகள் மாடிக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் டீச்சர் கல்கண்டுக் கிண்ணத்தோடு இறங்கி வந்தார். முகம் எல்லாம் சந்தோஷம்.

"நான் சொன்னேனோ இல்லையோ? கெளம்பிடுத்து பார்."

என்னால் அடக்க முடியவில்லை.

"ஆமா டீச்சர், நீங்க வேண்டிக்கிட்டது பலிச்சிட்டு. நின்னுக்கிட்டு இருந்த வரைக்கும் அவருக்கு ஒண்ணும் ஆகாம இருந்துச்சு. இப்பத்தான் குண்டு விழுத எடத்துக்குள்ள போறாரு. கப்பல் நகரக் கூடாதுன்னு நான் மாதாகிட்ட கெஞ்சிக்கிட்டு கெடந்தேன். நீங்க எல்லாருமாச் சேந்து தள்ளி விட்டுட்டிய."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. டீச்சர் கிண்ணத்தோடு அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியாதேம்மா. நெய்விளக்கு வேற போட்டேனே." பிறகு சின்னப் பிள்ளை கேட்பது போல, "திருப்பி வேண்டிக்கலாமோ?" என்று கேட்டார்.

"இனிமே திருப்பி என்ன செய்ய. தாண்டிரணும்னு வேண்டிக்கிடுங்க."

"வா, போலாம்" என்று எழுந்தார். எனக்கும் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இரண்டு பேரும் டவுண் பஸ்ஸில் ஏறினோம். நான் கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போட்டேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. கையிலிருந்த போனைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அவர் பெயருக்குக் கீழே, காலையில் அவர் கடைசியாகப் போனைப் பார்த்த நேரம்தான் அப்படியே நின்றது.

டீச்சர் கோயிலுக்குள் போனார். நான் வாசலில் அவர் செருப்புக்குக் காவலாக நின்றேன். நிற்க முடியாமல் ரத வீதியில் நடந்தேன். ஒரு அல்வாக் கடையில் கூட்டம். அவர்களுக்கு எப்போதும் விறகடுப்புதான், போரெல்லாம் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. ஜவுளிக்கடை வாசலில் ஒருவன் கையைத் தட்டித் தட்டி ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எல்லோரும் பையும் கையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இவர்களில் ஒருத்தர்கூட இந்த நிமிஷம் என் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று நினைக்கவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. அவர்கள் ஏன் நினைக்க வேண்டும் என்றும் தோன்றியது. செருப்பு ஞாபகம் வந்து திரும்ப ஓடினேன்.

டீச்சர் வெளியே வந்தார். சாப்பிடவில்லை, இரண்டு பேரும் கோயில் மதில் நிழலில் உட்கார்ந்திருந்தோம். வெயில் சாய்ந்து நிழல் ரோட்டைத் தொடும்போது போன் துடித்தது. ஒரே சொல் எழுதியிருந்தார். 'தாண்டியாச்சு.'

நான் வாய்விட்டு அழுதேன். பூக்காரி எழுந்து வந்து பார்த்தாள். டீச்சர் என் முதுகைத் தடவிக்கொண்டே அவரும் அழுதார். பதிலுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல், 'சாப்பிட்டீங்களா' என்று எழுதி அனுப்பினேன். சமையல்காரரிடம் கேட்கிற கேள்வியா இது?

கப்பல் மேற்குக் கரையில் ஒரு துறைமுகத்தில் சேர்ந்தது. அதற்குப் பிறகு கேஸ் வண்டிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. எங்கள் வீட்டுச் சிலிண்டரும் வந்தது. அண்ணாச்சி கடைச் சங்கிலியில் சின்னச் சிலிண்டர்கள் மறுபடி ஏறின. நான் எண்ணெய் வாங்கப் போனபோது, கடை நிறைய ஆட்கள் நிற்கையில், அவர் எழுந்து நின்றார்.

"இங்க பாருங்க, இந்தக் கேஸு இவுக வீட்டுக்காரரு கொண்டாந்தது."

அந்தச் சிலிண்டருக்குள் இருப்பது அவர் கப்பலில் வந்ததுதானா என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் எனக்கு வெட்கமில்லாமல் பெருமையாக இருந்தது. வரிசையில் என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட அந்த ஆளும் நின்றார். கும்பிட்டார். நானும் சிரித்துக்கொண்டே கும்பிட்டேன். ஓட்டல் வாசலில் தோசை அட்டையை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் வருவதற்குள் மீன் நல்லதாகப் பார்த்து வாங்கிவைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

அவர் வரவில்லை. மாற்றுக்கு வரவேண்டிய சமையல்காரர் கப்பலேற மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

"அப்ப நீங்களும் மாட்டேன்னு சொல்லுங்க."

"ஒத்துக்கிட்டேன்ட்டி. ஒரே ஒரு நடை. போய் ஏத்திட்டு வந்ததும் எறங்கிருவேன்."

"ஊரு உலகத்துல வேற ஆளே இல்லையா?"

"வேற ஆளு போனா, அவன் வீட்டுலயும் ஒருத்தி இருப்பால்லா."

"இருக்கட்டும். அவ அழட்டும். எனக்கென்ன?" என்று கத்தினேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். நான் போனை அணைத்துவிட்டேன். மறுநாளும் கூப்பிட்டார், போகாதீர்கள் என்று கத்தினேன். அதற்கு மறுநாளும் கத்தினேன். கேஸ் இல்லாவிட்டால் ஊர் செத்தா போய்விடும், விறகில் பொங்கித் தின்னட்டும் என்றேன். அவர் பைய, "நீ பொங்குவியாட்டி?" என்று கேட்டார். பொங்குவேன் என்றேன்.

அவர் கப்பல் திரும்பப் புறப்பட்ட அன்று காலையில் செய்தி வந்தது. 'எடுத்தாச்சு. போயிட்டு வாரேன்.' அதைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் போனை அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்தேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சிலிண்டர் வாங்கினால் அடுத்ததற்குக் குறிப்பிட்ட நாள் கழித்துத்தான் பதிய முடியும் என்று அப்போது கட்டுப்பாடு. அந்த நாளுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். மாடியிலிருந்து டீச்சர் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, நம்ம ரெண்டு பேருக்கும் இன்னிக்குப் பதிவு தெறந்துடுத்து. உடனே போட்டுடு. லேட்டானா பின்னாடி தள்ளிடுவான்."

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். அவருடைய செய்தி மேலேயே இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, பதிகிற எண்ணுக்கு அடித்தேன். சிலிண்டர் வேண்டுமென்றால் ஒன்றை அமுக்கச் சொன்னது. அமுக்கினேன். பதிவாகிவிட்டது, நன்றி என்றது.

போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கும் ஒரு சிலிண்டர் வேண்டும் என்று நானும் சொல்லிவிட்டேன். இனி யாராவது போய்க் கொண்டுவரத்தான் வேண்டும்.